தாய்க் கட்டணமும் அதன் கிளைகளும்: ஓட்டல் மென்பொருளில் அறை வாடகையை அமைக்கும் விதம்

கொடைக்கானலில் முப்பது அறை கொண்ட ஓர் ஓட்டல் என்று வைத்துக்கொள்வோம். அறையில் நான்கு வகை: ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், பள்ளத்தாக்கைப் பார்த்த அறை, குடும்பக் காட்டேஜ். சாப்பாட்டுத் திட்டமும் நான்கு. அறை மட்டும் என்றால் ஈ.பி., காலை உணவோடு என்றால் சி.பி., அதோடு மதியமோ இரவோ ஒருவேளை சேர்ந்தால் எம்.ஏ.பி., மூன்று வேளையும் என்றால் ஏ.பி. ஒருவர் தங்கினால் ஒரு விலை, இருவர் தங்கினால் ஒரு விலை. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விலை ஒன்று, கிடைக்காத விலை ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: நான்கு, நான்கு, இரண்டு, இரண்டு. ஒரே ஒரு நாளுக்கு 64 விலைகள். ஓர் ஆண்டுக்கு 23,360.

இத்தனையையும் ஒரு மேலாளர் கையால் தட்டி வைத்திருக்கும் ஓட்டல்கள் இன்றும் உண்டு. மே மாதம் கூட்டம் ஏறும்போது அவர் ஸ்டாண்டர்ட் அறையின் விலையை ஏற்றுவார், டீலக்ஸை ஏற்றுவார், அதற்குள் ரிசப்ஷனில் யாராவது கூப்பிடுவார்கள். மீதி விலைகள் பழையபடியே நிற்கும். இணையத்தில் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்த விட்டுப்போன பழைய விலைதான்.

விலையை அடிக்கடி மாற்ற வேண்டிய தேவையும் இப்போது கூடிவிட்டது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. சனிக்கிழமை இ-பாஸ் கிடைக்காதவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். வார இறுதிக்கு ஒரு விலை, வார நாளுக்கு ஒரு விலை என்று சீசன் தொடங்கும்போதே எழுதி மாட்டிவிடும் பழைய முறை இந்தச் சூழலுக்குப் போதாது.

இதற்கான தீர்வாக ஏறக்குறைய எல்லா ஓட்டல் மேலாண்மை மென்பொருளிலும் இருக்கும் வசதிதான் டெரைவ்டு ரேட். ஒரு விலையை மட்டும் நாம் கையால் வைக்கிறோம். அதைத் தாய்க் கட்டணம் என்று சொல்வேன். மற்ற விலைகளெல்லாம் அதிலிருந்து ஒரு கணக்கின்படி கிளைக்கின்றன: இத்தனை சதவீதம் கூட்டு, இத்தனை சதவீதம் குறை, இத்தனை ரூபாய் சேர், இத்தனை ரூபாய் கழி. தாய் அசைந்தால் கிளைகள் தாமாக அசையும். வழக்கமாகத் தாயாக இருப்பது, இருவர் தங்கும் ஸ்டாண்டர்ட் அறையின், உணவில்லாத, ரத்து செய்யத்தக்க விலை. ஓட்டல்காரர்கள் இதை 'பார் ரேட்' (BAR, Best Available Rate) என்பார்கள், அன்றைக்கு யாருக்கும் திறந்திருக்கும் சிறந்த விலை என்ற பொருளில்.

தேவைக்கேற்ப விலையை ஏற்றி இறக்கும் பழக்கம் ஓட்டல்களுக்கு விமானத் துறையிலிருந்து வந்தது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், முன்கூட்டியே வாங்குகிறவருக்குப் பெரும் தள்ளுபடியும் கடைசி நேரத்தில் வாங்குகிறவருக்கு முழு விலையும் என்று ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பிரித்து விற்றது. மேரியட் போன்ற பெரிய ஓட்டல் நிறுவனங்கள் அந்தக் கணக்கை அறைக்குக் கொண்டுவந்தன. இருக்கையும் அறையும் ஒரே மாதிரிப் பண்டம்தான். இன்றிரவு விற்காமல் போன அறையை நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது.

கிளைக் கட்டணத்தை அமைப்பதை வெறும் வேலைச் சுருக்கமாகப் பலர் பார்க்கிறார்கள். மென்பொருள் விற்கிறவர்களும் அப்படித்தான் விளக்குகிறார்கள். என் பார்வை வேறு. ஓட்டல் உரிமையாளரின் மனதில் 'காலை உணவுக்கு இவ்வளவு, ஜன்னல் காட்சிக்கு இவ்வளவு, முன்பணம் தருகிறவருக்கு இவ்வளவு குறைக்கலாம்' என்று ஒரு கணக்கு இருக்கும். பல வருட அனுபவத்தில் சேர்ந்த கணக்கு அது. கிளைக் கட்டணம் அமைப்பது என்றால் அந்தக் கணக்கை முதன்முறையாக விதியாக எழுதி வைப்பது. விதி தவறாக எழுதப்பட்டால் அந்தத் தவறு 365 நாளும் 64 இடத்திலும் தானாக நடக்கும்.

அதில் முதல் கேள்வி, சதவீதமா ரூபாயா என்பது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன, அதனால் சற்று நின்று பார்ப்போம்.

மழைக்காலத்தில் தாய்க் கட்டணம் 3,000 ரூபாய். காலை உணவோடு சேர்ந்த சி.பி. விலையை 15 சதவீதம் கூடுதல் என்று அமைத்தால் 3,450 வரும். இருவருக்கும் சேர்த்துக் காலை உணவு 450 ரூபாய், நியாயமான விலைதான். மே மாதம் தாய்க் கட்டணம் 6,500-க்கு ஏறுகிறது. அதே 15 சதவீதம் இப்போது 975 ரூபாய். இட்லியும் பொங்கலும் அதேதான், சட்னி அரைக்கிறவர் அதே ஆள்தான், தட்டில் எதுவும் கூடவில்லை. விருந்தாளி இரண்டு விலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார். ஆயிரம் ரூபாய்க்குக் காலை உணவா என்று அறை மட்டும் பதிவு செய்துவிட்டு, காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்துபோய்ச் சாப்பிட்டு வருகிறார். ஓட்டலின் சமையலறை சீசனிலேயே காலியாக நிற்கிறது.

தாய்க் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று யோசித்தால் விதி தானே கிடைத்துவிடும். அறைக்குப் போட்டி கூடுவதால் ஏறுகிறது. காலை உணவுக்கு அடக்க விலை என்று ஒன்று உண்டு, அது போட்டியால் ஏறுவதில்லை. ஆகவே செலவிலிருந்து பிறக்கும் வித்தியாசத்தை ரூபாயில் எழுத வேண்டும்: உணவு, கூடுதல் கட்டில், ஒருவர் மட்டும் தங்கும்போது மிச்சமாகும் ஒரு சாப்பாடு. தேவையோடு சேர்ந்து ஏறி இறங்கும் வித்தியாசத்தைச் சதவீதத்தில் எழுத வேண்டும்: பணம் திரும்பாத விலைக்கான தள்ளுபடி, நீண்ட நாள் தங்குகிறவருக்கான தள்ளுபடி, முப்பது நாள் முன்னதாகப் பதிவு செய்கிறவருக்கான தள்ளுபடி. இந்த ஒரு பிரிவினையைச் சரியாகச் செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

அறை வகைகளுக்கிடையிலான வித்தியாசம் மட்டும் இதில் எளிதாக அடங்காது. பள்ளத்தாக்கைப் பார்த்த அறைக்கு மே மாதத்தில் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறது. மூடுபனி விலகாத நாட்களில் அந்த ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டும்தான் தெரியும், 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் யோசிப்பார்கள். இங்கே சதவீதம் ரூபாயைவிட மேல். ஆனால் அப்படிப்பட்ட அறை நான்கே இருந்தால் அவை தனி வேகத்தில் நிறையும், அப்போது எந்தச் சூத்திரமும் பொருந்தாது. சீசன் வாரங்களில் அதைத் தனி விலையாக வைத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சதவீதமா ரூபாயா என்ற கேள்வி வெறும் விற்பனைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. ஜி.எஸ்.டி. அதை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு (ஓட்டல் தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு மேல் போனால் 18 சதவீதம். முன்பு கீழ்ப்படி 12 சதவீதமாக இருந்ததால் இரண்டு படிக்கும் நடுவே 6 புள்ளிதான் இடைவெளி. இப்போது 13 புள்ளி. அறையும் காலை உணவும் ஒரே விலையில் கட்டாக விற்கப்படும்போது அந்த மொத்த விலைதான் பொதுவாக வரிக்கான மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முன்னே பார்த்த அதே அமைப்பில் தாய்க் கட்டணம் 6,500 இருக்கும்போது சி.பி. விலை 7,475. 5 சதவீத வரியோடு விருந்தாளி கொடுப்பது 7,848 ரூபாய் 75 காசு. மேலாளர் தாய்க் கட்டணத்தை வெறும் நூறு ரூபாய் ஏற்றி 6,600 ஆக்குகிறார். சி.பி. விலை 7,590 ஆகிறது, 7,500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. 18 சதவீத வரியோடு விருந்தாளி கொடுக்க வேண்டியது 8,956 ரூபாய் 20 காசு. ஓட்டலுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 115 ரூபாய், விருந்தாளியின் பையிலிருந்து கூடுதலாகப் போவது 1,107 ரூபாய். மேலாளரின் திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அவர் பார்ப்பது தாய்க் கட்டணத்தை மட்டும்தான், அது 6,600 என்று பத்திரமாகத் தெரிகிறது. அதே காலை உணவை 450 ரூபாய் என்று எழுதியிருந்தால் தாய்க் கட்டணம் 7,050 வரை ஏறும்வரை இந்தக் கோடு குறுக்கே வராது.

இதைவிட நீண்ட நிழல் ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி, முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை ஒரு நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால், அந்த வளாகம் இந்த ஆண்டுக்கு 'குறிப்பிட்ட வளாகம்' ஆகிறது. அங்கே இயங்கும் உணவகம் 5 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம் வரி போட வேண்டும், உள்ளீட்டு வரிக் கழிவு எடுத்துக்கொள்ளலாம். எல்லா அறையும் என்று விதி சொல்லவில்லை, ஏதேனும் ஓர் அறை என்றுதான் சொல்கிறது. புத்தாண்டு இரவில் குடும்பக் காட்டேஜின் ஏ.பி. விலை சூத்திரத்தின் தள்ளலில் 7,700 ஆகி, ஒரே ஒரு குடும்பம் அதில் தங்கிப்போனால், வரும் ஆண்டு முழுவதும் உணவகத்தில் காபி குடிக்க வருகிற உள்ளூர்க்காரரின் பில்லிலும் அந்த 18 சதவீதம் வந்து நிற்கும். தெரிந்தே அந்தக் கோட்டைத் தாண்டுகிற ஓட்டலுக்கு இதில் குறையொன்றும் இல்லை, உள்ளீட்டு வரிக் கழிவால் லாபமாகவும் இருக்கலாம். தெரியாமல் தாண்டுவதுதான் வேதனை. பல மென்பொருள்களில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் உச்ச விலை ஒன்று வைக்க இடம் உண்டு. 7,500-ஐத் தாண்டுவதில்லை என்று முடிவெடுத்த ஓட்டல், தாய்க்கு மட்டும் வைத்துவிட்டு நிற்காமல் ஒவ்வொரு கிளைக்கும் அந்த உச்சத்தை வைக்க வேண்டும். தாண்டலாமா வேண்டாமா என்ற முடிவை ஆடிட்டரோடு உட்கார்ந்து எடுங்கள். அதை மென்பொருளின் கணக்குக்கு விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய்க் கட்டணம் வரி சேராத விலையாக இருக்கட்டும். வரி சேர்ந்த விலையிலிருந்து கிளைகளைப் பிரித்தால், 7,500 கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

மேல் விளிம்பைப் பார்த்தாயிற்று. கீழ் விளிம்பிலும் அதே அளவு ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் தள்ளுபடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் பெருகும். தாய்க் கட்டணம் 4,000. பணம் திரும்பாத விலைக்கு 10 சதவீதம் குறைவு, 3,600. முன்பதிவுத் தளம் தன் விசுவாச உறுப்பினர்களுக்கு 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது, ஓட்டலும் சம்மதித்திருக்கிறது: 3,240. கைபேசியில் பதிவு செய்கிறவருக்கு இன்னொரு 10 சதவீதம்: 2,916. அதில் 18 சதவீதம் தளத்தின் கமிஷன். கைக்கு வருவது 2,391 ரூபாய் 12 காசு. நாலாயிரம் என்று வைத்த அறை அறுபது சதவீதத்துக்கும் குறைவாகக் கைக்கு வருகிறது. ஒவ்வொரு தள்ளுபடியும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒவ்வொன்றையும் வேறு வேறு நாளில், வேறு வேறு திரையில், சில சமயம் வேறு வேறு ஆட்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் மொத்தம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கமிஷனை ஈடுகட்ட விலையை ஏற்றும்போது வரும் தவறு இன்னும் பரவலானது. 18 சதவீதம் போகிறதா, 18 சதவீதம் ஏற்றிவிடு என்பார்கள். 4,000-த்தோடு 18 சதவீதம் சேர்த்தால் 4,720. அதிலிருந்து 18 சதவீதம் கமிஷன் போனால் மிஞ்சுவது 3,870. நூற்று முப்பது ரூபாய் குறைகிறது, ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு இரவுக்கும். கமிஷன் கழிக்கப்படுவது ஏற்றிய விலையிலிருந்து. ஆகவே 4,000-த்தை 0.82-ஆல் வகுக்க வேண்டும். 4,878 வரும். மென்பொருளில் எழுத வேண்டிய எண் 18 இல்லை, ஏறக்குறைய 22.

தளத்துக்கு ஒரு விலை, சொந்த வலைத்தளத்துக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வைக்கும்போது ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிட வேண்டும். எங்களைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இந்தத் துறையில் பழையது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், இத்தகைய சம விலை நிபந்தனை உள்ளிட்ட காரணங்களுக்காக மேக்மைட்ரிப், கோஐபிபோ, ஓயோ நிறுவனங்களுக்கு மொத்தம் 392 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐரோப்பாவில் 2024-இல் புக்கிங் டாட் காம் இந்த நிபந்தனையைக் கைவிட வேண்டி வந்தது. காற்று ஓட்டல்கள் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களைக் கட்டும்.

எந்தத் திரையில் கிளையைப் பிரிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். ஓட்டலின் மேலாண்மை மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு, விலையைப் பல தளங்களுக்கு அனுப்பும் சேனல் மேனேஜரிலும் உண்டு, முன்பதிவுத் தளத்தின் உள்பக்கத்திலும் உண்டு. மூன்றிலும் ஒரே தள்ளுபடியை யாரோ எப்போதோ அமைத்திருப்பார்கள். மென்பொருள் 10 சதவீதம் குறைத்து அனுப்பிய விலையை, தளம் மறுபடியும் 10 சதவீதம் குறைத்துக் காட்டும். எல்லா விதியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இரண்டும் வந்த விலையை அப்படியே கடத்த வேண்டும். மூன்றில் மேலாண்மை மென்பொருளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன், தொலைபேசியிலும் நேரிலும் வருகிறவருக்கு ரிசப்ஷனில் சொல்லும் விலை அங்கிருந்துதான் வருகிறது.

கிளையிலிருந்து கிளை பிரிப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். டீலக்ஸ் ஸ்டாண்டர்டிலிருந்து, டீலக்ஸ் சி.பி. டீலக்ஸிலிருந்து, அதன் பணம் திரும்பாத விலை அதிலிருந்து என்று மூன்று படி போனால், ஒவ்வொரு படியிலும் விலை முழு எண்ணாக்கப்பட்டு கடைசியில் யாருக்கும் விளங்காத எண் வரும். முழு எண்ணாக்குவதைக் கடைசிப் படியில் மட்டும் வைக்கலாம்.

இனி, சங்கிலி அறுகிற இடங்கள். குறிப்பிட்ட ஒரு நாளுக்கு மட்டும் கிளையின் விலையைக் கையால் மாற்ற மென்பொருள் அனுமதிக்கும். அப்படி மாற்றிய நாளில் அந்தக் கிளை தாயை விட்டுப் பிரிந்துவிடும். நான் அமைத்துக் கொடுத்த ஓர் ஓட்டலில் இது நடந்தது. நவம்பரில் யாரோ ஒருவர் பொங்கல் விடுமுறைக்குக் காட்டேஜ் விலையை 6,200 என்று கையால் போட்டார். அன்றைக்கு டீலக்ஸ் 4,500, ஆகவே அது நல்ல விலை. ஜனவரியில் தாயை ஏற்றினோம், டீலக்ஸ் 6,500-க்குப் போனது, காட்டேஜ் 6,200-இலேயே நின்றது. காட்டேஜ்கள் மளமளவென்று நிறைந்தன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. கடைசி காட்டேஜைப் பார்த்த ஒரு பெண்மணி போன் செய்து, "ஏன் சார், பெரிய ரூம் சின்ன ரூமைவிடக் கம்மியா இருக்கு? அதுல ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. கையால் மாற்றிய நாட்களைத் தனி நிறத்திலோ தனி அறிக்கையிலோ காட்டும் வசதி பல மென்பொருளில் இருக்கிறது. தாயை ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை அதற்குப் பிறகு எல்லா ஓட்டலுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

விலை இறங்கிவரும், கட்டுப்பாடு இறங்கிவராது. இதையும் பலர் கவனிப்பதில்லை. தாய்க் கட்டணத்தில் விற்பனையை மூடினால் கிளைகளும் மூடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல மென்பொருளில் விலையைத் தாயிடமிருந்து எடுப்பதற்கு ஒரு டிக், குறைந்தபட்ச இரவுகள், விற்பனை நிறுத்தம் போன்றவற்றை எடுப்பதற்குத் தனி டிக். இரண்டாவதை விட்டுவிட்டால், மே மாத வார இறுதிக்கு இரண்டு இரவு கட்டாயம் என்று தாயில் வைத்திருப்பீர்கள், பணம் திரும்பாத கிளை சனிக்கிழமை ஒரு இரவை மட்டும் விற்றுக்கொண்டிருக்கும். வெள்ளியும் ஞாயிறும் காலியாகக் கிடக்கும்.

எல்லாவற்றையும் கிளையாக்க வேண்டியதும் இல்லை. முகூர்த்த நாளில் பதினைந்து அறையை மொத்தமாக எடுக்கும் கல்யாண வீட்டுக்காரருக்குப் பேசிய விலை பேசியதுதான், தாய் ஏறினாலும் அது ஏறக் கூடாது. சுற்றுலா ஏஜென்டுக்கு ஆண்டு முழுவதுக்கும் எழுதிக்கொடுத்த விலையும் அப்படியே. அவற்றைத் தாயோடு எந்தத் தொடர்பும் இல்லாத தனிக் கட்டணமாக வைக்க வேண்டும். வாக்குக் கொடுத்த விலையைச் சூத்திரத்தில் கட்டிவிட்டு, பில் போடும் நேரத்தில் பெண்ணின் தகப்பனாரிடம் விளக்கம் சொல்லும் நிலை எந்த மேலாளருக்கும் வரக் கூடாது.

அமைத்து முடித்ததும் அதே நாளில் சோதித்துவிடுங்கள். தாய்க் கட்டணத்தை மழைக்காலத்தின் மிகக் குறைந்த விலைக்கு ஒரு தொலைதூரத் தேதியில் வைத்து, எல்லாக் கிளைகளையும் தாளில் எழுதுங்கள். அதே தேதியில் சீசனின் உச்ச விலையை வைத்து மறுபடி எழுதுங்கள். பெரிய அறை சின்ன அறையைவிடக் குறைந்திருக்கிறதா, காலை உணவின் விலை இரண்டு தாளிலும் ஒன்றா, எந்தக் கிளையாவது 7,500-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஓட்டலின் கணினியை விட்டு எழுந்து, உறுப்பினர் கணக்கு எதிலும் நுழையாத ஒரு கைபேசியில் முன்பதிவுத் தளத்தைத் திறந்து அதே தேதியைத் தேடுங்கள். அடுத்து, உறுப்பினர் கணக்கோடு திறந்து தேடுங்கள். இரண்டு விலையையும் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, சோதனைக்காக ஒரு பதிவை உருவாக்கி, பில்லில் வரி எத்தனை சதவீதம் விழுகிறது என்பதைப் பார்த்துவிட்டு அதை ரத்து செய்யுங்கள். இரண்டு தாளிலும் தேதி போட்டு, கணக்கு வழக்குக் கோப்பில் வையுங்கள். அடுத்த மேலாளர் வரும்போது எந்தக் கிளை எதிலிருந்து பிரிகிறது என்று அவருக்குக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.